வினையூக்கிக்குத் திருமஞ்சனம்

ஆனந்தவள்ளி இரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்த சரக்கு, மொத்தத்தையும் அள்ளிப் போட்டால் ஓர் ஊறுகாய் ஜாடியை நிரப்பும். பார்வைக்கு ஒடித்துப் போட்ட சேமியா. யாராவது பாயசத்தில் போட்டுத் தொலைக்கப் போகிறார்கள் என்று பயந்தே அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள்.

அதன் பெயர் வினையூக்கி. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தார் மாதிரி ஒரு கனத்த எண்ணெய் மிஞ்சும். அதைச் சூடாக்கி, ஹைட்ரஜனையும் சேர்த்து, இந்தச் சேமியாவின் வழியே விட்டால் பெரிய மூலக்கூறுகள் உடைந்து டீசலாகிவிடும். சேமியாவுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்தவனை உடைத்துவிட்டுத் தான் முழுசாக நிற்பதுதான் அதன் உத்தியோகம். அந்த ஒரு காரணத்துக்காகவே திருச்சியின் பெரிய மனிதர்கள் பலருக்கு அதை மிகவும் பிடித்துப்போயிருந்தது.

அவர்களில் முதல் ஆள் டாக்டர் மாதவன். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். கற்பூர வில்லை செய்து சம்பாதித்தவர். வில்லை என்றால் எல்லாம் வில்லைதானே என்ற துணிச்சலில் துவாக்குடி பக்கம் ஒரு கொட்டகை போட்டு, ‘மாதவா கேட்டலிஸ்ட்ஸ்’ என்று போர்டு மாட்டினார். டாக்டர் பட்டம் ஏதோ ஒரு தீவிலிருந்து கூரியரில் வந்தது. “கற்பூரம் எரிஞ்சா ஒண்ணும் மிஞ்சாது. கிரியா ஊக்கி எல்லாத்தையும் எரிச்சுட்டுத் தான் மிஞ்சும்” என்பது மேடைதோறும் அவர் உதிர்க்கும் தத்துவம். வினையூக்கி அவர் வாயில் எப்போதும் கிரியா ஊக்கிதான். கிரியா ஊக்கி எதையும் எரிப்பதில்லை என்று ஆனந்தவள்ளி ஒருமுறை திருத்தப் பார்த்தாள். “அது கவிதைம்மா” என்று சொல்லிவிட்டார்.

தொட்டியத்தில் வாழை போடுகிற குடும்பத்திலிருந்து வந்து, கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, தென்னூரில் வாடகைக்கு இருந்துகொண்டு, நாற்பத்திரண்டு வயதில் ஒரு ஜாடிச் சேமியாவுக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள் ஆனந்தவள்ளி. சுட்டெடுக்கிற உலை போன மாதமே கண்ணை மூடிவிட்டது. ஆகவே இருப்பது இந்த ஒரே ஈடு. இட்லி என்றால் அடுத்த ஈடு ஊற்றிக்கொள்ளலாம். இது கருகினால் கருகியதுதான். ஓடிக் காட்டினால் உலையை ரிப்பேர் செய்வதாகவும், இல்லையென்றால் கொட்டகையைப் பழையபடி கற்பூரத்துக்கே விட்டுவிடுவதாகவும் மாதவன் சொல்லியிருந்தார்.

அது ஓடுவதைப் பார்க்க, கடலோரத்துப் பெரிய சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் தொழில்நுட்ப மேலாளர் நஜ்முன்னிசா வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் ஜாடி அவர்களுடைய சோதனை ரியாக்டருக்குப் போகும். பார்க்க வருவது ஒரே ஒரு பெண்மணி. மாதவன் அதற்கு வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, நாதஸ்வரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, தொடக்க விழா ஆக்கிவிட்டார்.

வம்பு விழாவுக்கு முந்தின நாள் ஆரம்பித்தது.

“என்னம்மா இது?” மாதவன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவள் எழுதிக் கொடுத்த விழா நிகழ்ச்சி நிரலில் அவர் விரல் நின்ற இடத்தில், ‘அம்மோனியா விஷம் செலுத்துதல்’ என்று இருந்தது.

“கேட்டலிஸ்ட் பாய்சன்னு சொல்லுவாங்க சார். தமிழ்ல போடச் சொன்னீங்க, போட்டேன்.”

“வாசல்ல கோலம், உள்ள விஷமா? நாலு பெரிய மனுஷா வர்ற இடம். முகூர்த்த வேளையில என் வாயால ‘இப்போது விஷம் வைக்கப்படும்’னு நான் மைக்ல சொல்லணுமா?”

“கொஞ்சூண்டு சார். அது குடுத்தாத்தான் அடங்கும்.”

“எதுக்கு அடங்கணும்? ஊக்கின்னா ஊக்கணும். அடக்கறதுக்குன்னு தனியா ஒருத்தியை நான் வேலைக்கு வச்சிருக்கேனா?”

ஆனந்தவள்ளி மூச்சை இழுத்துக்கொண்டாள். இதை அவள் அவருக்கு விளக்குவது முதல் தடவை இல்லை. “புது ஊக்கி ரொம்பத் துடிப்பா இருக்கும் சார். எண்ணெயைக் கண்டதும் எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல வேலையை ஆரம்பிச்சுடும். வேலை நடந்தா சூடு. சூடு ஏறினா இன்னும் வேகம். வேகம் ஏறினா இன்னும் சூடு. நாம பட்டனைத் தேடுறதுக்குள்ள ஊக்கி கருகிச் செங்கல் பொடி ஆயிடும்.”

“ம்.”

“சத்திரம் பஸ் ஸ்டாண்டுல, முகூர்த்த நாள்ல, தொட்டியம் பஸ் வந்து நின்னா என்ன ஆகும் சார்? வாசல்ல, ஜன்னல்ல, டிரைவர் மடியிலன்னு ஏறுவாங்க. வண்டி சாயும். அதுக்கு முன்னாடியே பாதி சீட்டுல துண்டு போட்டு வச்சுட்டா? பாதிப் பேருதான் உட்கார முடியும். வண்டி நிதானமா கிளம்பும். அம்மோனியாதான் சார் அந்தத் துண்டு. ஊக்கியில வேலை நடக்குற சீட்டுல எல்லாம் போய் உட்கார்ந்துக்கும். வழியில சூடு ஏற ஏற அதுவே ஒவ்வொண்ணா எழுந்து இறங்கிப் போயிடும். வேகத்தை நாம பார்த்துப் பார்த்து ஏத்திக்கலாம்.”

மாதவன் பெருமிதத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார். “நான் பஸ்ல போயே முப்பது வருஷம் ஆச்சும்மா” என்றார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அடித்ததோடு நில்லாமல், கண்ணில் ஒற்றிக்கொள்கிற பாவனையில் ஓரத்தில் ஒரு ‘ஸ்ரீ’யும் போட்டார்.

கேண்டீனில் ஆனந்தவள்ளி டீயைக் குடிக்காமல் அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். எதிரே பிச்சைமுத்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். பாலக்கரைக்காரன். கண்ட்ரோல் ரூமில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ரியாக்டரை ஓட்டுகிறவன்.

“துண்டு இல்லாம நாளைக்கு எண்ணெய விட்டா என்ன மேடம் ஆகும்?”

“என் ரெண்டு வருஷம் அடுப்புச் சாம்பலாகும். நீங்க கற்பூரம் பேக் பண்ணப் போகலாம்.”

“கற்பூர வாசனை எனக்கு ஆகாது மேடம், தும்மல் வரும்.” பிச்சைமுத்து எண்ணெய்க் கையைப் பேப்பரில் துடைத்தான். “ஒண்ணு சொல்லவா? போன மாசம் சார் வீட்ல இன்வெர்ட்டர் பார்க்கப் போனேன். சாப்பிட்டுட்டுப் போப்பான்னு அந்தம்மா இலை போட்டாங்க. ரசம் கேட்டேன். என்னமோ நான் சாராயம் கேட்ட மாதிரி பார்த்துட்டு, ‘சாத்தமுதா?’ன்னாங்க. பாயசம்னா திருக்கண்ணமுதாம். பொரியலுக்குக்கூட ஒரு அமுது இருக்கு. சாருக்கு விஷம் பிரச்னை இல்ல மேடம், விஷம்ங்கற பேருதான் பிரச்னை. நீங்களும் ஒரு அமுதப் போட்டு விட்ருங்க.”

ஆனந்தவள்ளி டீயை ஒரே மடக்கில் குடித்தாள். “குளிர வைக்கிற மாதிரி மேல ஊத்துறதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்க?”

“சாமிக்கா? திருமஞ்சனம்.”

“அதேதான்.”

“மேடம், சாமி குத்தம் ஆயிடப்போகுது.”

“சாமிக்குக் கெமிஸ்ட்ரி தெரியும். சாருக்குத்தான் தெரியாது.”

சாயங்காலம் மாதவன் அறைக்கு மறுபடி போய், அடித்த வரிக்குப் பதிலாகப் புது வரியைச் சொன்னாள். ‘வினையூக்கிக்குச் சாந்தத் திருமஞ்சனம்.’ மாதவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதை முதல்லயே சொல்லப்படாதோ! துண்டு, பஸ்ஸுன்னு என்னென்னமோ உளர்றியே.” உடனே வீட்டுக்குப் போன் போட்டு, சகதர்மிணி ரங்கநாயகியிடம் செய்தியைச் சொன்னார். ஸ்பீக்கரில் இருந்ததால் பதில் ஆனந்தவள்ளிக்கும் கேட்டது.

“பெருமாளுக்கே ஜேஷ்டாபிஷேகம் வருஷத்துக்கு ஒரு தரம்தான். உங்க ட்ரம்முக்கு என்ன கேடு?”

மாதவன் ஸ்பீக்கரை அணைத்தார். “அவளுக்கு சயின்ஸ் போறாது” என்றார்.

மறுநாள் காலை ஆனந்தவள்ளி எல்லாவற்றையும் தயாராக வைத்தாள். ரியாக்டருக்குள் சேமியா, அதைச் சுற்றி ஹீட்டர், பக்கத்தில் அம்மோனியா பம்ப். திரையில் ஒரு பச்சைப் பட்டன். அதை ஒருமுறை அமுக்கினால் வேண்டிய அளவு போகும். “ஒரு தடவை. சார் அமுக்குவார். அவ்வளவுதான்” என்று பிச்சைமுத்துவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் மாதவன்.

“அந்தம்மா வர்ற நேரம். நீ கேட்டுக்குப் போ. லேடீஸை லேடீஸ்தான் ரிசீவ் பண்ணணும்.”

“சார், அம்மோனியா போறப்ப நான் இங்க இருக்கணும்.”

“திருமஞ்சனம்னு சொல்லு. நான் இருக்கேனே? போ, போ. சந்தனக் கிண்ணத்தை எடுத்துண்டு போ.”

ஆக, அந்தக் கொட்டகையில் வினையூக்கியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் சந்தனக் கிண்ணத்தோடு கேட்டில் நின்றாள்.

நஜ்முன்னிசா பாலக்கரையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். பிறந்த ஊரே பாலக்கரைதான். ஐம்பத்தைந்து வயது, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் சொந்த ஹெல்மெட். சந்தனத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னம்மா, ரியாக்டர் ஸ்டார்ட் பண்றீங்களா, வளைகாப்பு பண்றீங்களா?”

“ரெண்டுக்கும் நடுவுல மேடம்.”

“நான் மூணு மணி வண்டிக்குப் போகணும். அதுக்கு முன்னாடி எங்க சித்தி, ஷரபுன்னிசா சாச்சி வீட்ல பிரியாணி. போகலைன்னா என்னைத் தம்ல போட்டுடும். அதுக்குள்ள ஏதாச்சும் காட்டுவீங்களா?”

“காட்டுவோம் மேடம்.”

அப்போது உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. ஆனந்தவள்ளிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பட்டனை அமுக்கியாகிவிட்டது. சேமியா இனிமேல் அடங்கி உட்காரும்.

மறுபடி கெட்டிமேளம்.

ஆனந்தவள்ளி திரும்பிப் பார்த்தாள். நாதஸ்வரக்காரர் ஏதோ தவறாக ஊதிவிட்டார் போலிருக்கிறது. கேட்டுக்குள் நாலு எட்டு வைப்பதற்குள் மூன்றாவது. சந்தனக் கிண்ணம் சாய்ந்தது. நான்காவது.

“எத்தனை மாப்பிள்ளை உள்ள?” என்றார் நஜ்முன்னிசா.

ஆனந்தவள்ளி கிண்ணத்தைக் கீழே போட்டாள். ஓடினாள்.

கண்ட்ரோல் ரூமுக்கு வெளியே வரிசை நின்றது. பட்டுவேட்டிகள், கழுத்தில் மாலைகள், கையில் செல்போன்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், பட்டனை அமுக்கி, போட்டோ எடுத்து, பொன்னாடை வாங்கி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பிச்சைமுத்து சுவரோடு ஒட்டி நின்றான்.

“நான் என்ன மேடம் பண்றது? ஒரு தடவைதான்னு சொன்னேன். ‘திருமஞ்சனம்னா ஒரு கரண்டியோட நிறுத்துவாளாடா? வந்தவா எல்லாரும் புண்ணியம் கட்டிக்கட்டும்’னு சார் சொல்லிட்டார். நகைக்கடைக்காரர் அமுக்கினார். மண்டபக்காரர் அமுக்கினார். அவங்க சம்பந்தி அமுக்கினார். வளவன் ஐயா மட்டும் ரெண்டு தடவ. முதல் போட்டோவுல கண்ண மூடிட்டாராம்.”

முனைவர் வளவன் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். நகரில் எந்தப் பந்தல் போட்டாலும் முளைப்பாரி மாதிரி முளைத்துவிடுவார்.

ஆனந்தவள்ளி பம்பின் மின்சாரத்தைப் பிடுங்கினாள். திரையில் அம்மோனியாக் கோடு படிப்படியாக ஏறி, மலைக்கோட்டை மாதிரி உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. பிள்ளையார் மட்டும்தான் பாக்கி.

அவள் பெயர் வைத்தபோது ஒன்றை மறந்துவிட்டாள். விஷம் என்று சொல்லியிருந்தால் ஒருவனும் பட்டன் பக்கம் வந்திருக்க மாட்டான். அமுதம் என்றால் இந்த ஊரில் வரிசை கட்டிவிடுவார்கள்.

முகூர்த்தம் தவறக்கூடாது என்று மாதவன் எண்ணெய் வால்வைத் திறக்கச் சொன்னார். எண்ணெய் போயிற்று. பந்தலில் பெரிய திரையில் ரியாக்டரின் வெப்பக் கோடு தெரிந்தது. அது ஏற வேண்டும். கொள்ளிடத்தின் கோடைகால மணல் மாதிரி நீட்டிப் படுத்திருந்தது. மறுமுனையில் முதல் மாதிரி பாட்டிலில் வந்து விழுந்தது. கருப்பு. போன எண்ணெய் போன மாதிரியே, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

“தூங்குதா?” நஜ்முன்னிசா பின்னால் வந்து நின்றிருந்தார்.

ஆனந்தவள்ளி வாயைத் திறப்பதற்குள் மாதவன் நுழைந்தார். முகம் சிவந்திருந்தது. “என்னம்மா, ஒண்ணும் ஆகலையே? வளவன் ‘வினை’ங்கற சொல்லுக்கு ஒன்பது அர்த்தம் சொல்லி முடிச்சுட்டார். அடுத்து நான் என்னத்தைப் பேசறது?”

“பேசுங்க சார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க. நிறையப் பேசுங்க. துண்டு எழுந்து போக நேரம் வேணும்.”

மாதவனின் வாழ்க்கையில் இப்படி ஒரு வாக்கியத்தை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சுருக்கமாகப் பேசுங்கள் என்று சீட்டு வரும், மைக்கை அணைப்பார்கள், ஒருமுறை தேசிய கீதத்தையே போட்டுவிட்டார்கள். அத்தனையையும் மீறிப் பேசியவர் அவர். இன்றைக்கு மேடையேறினார். “அன்பார்ந்த பெரியோர்களே” என்றார். கற்பூரம் எரிந்தால் மிஞ்சாது என்றார். கிரியா ஊக்கி மிஞ்சும் என்றார். எதிரே பார்த்தார். யாரும் கடிகாரத்தைக் காட்டவில்லை. தடுக்க ஆளில்லாமல் பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு நிமிஷத்தில் ‘நன்றி, வணக்கம்’ என்று இறங்கிவிட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. அது அவரை இன்னும் புண்படுத்தியது.

கண்ட்ரோல் ரூமில் நஜ்முன்னிசா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது என்ன படிக்கட்டு? அம்மோனியாவை இப்படியா ஏத்துவீங்க?”

பிச்சைமுத்து ஆனந்தவள்ளியைப் பார்த்தான். பம்ப் கோளாறு என்று சொல்லிவிடலாம். கண்ணாலேயே அதைத்தான் சொன்னான். பம்ப் தயாரித்தவன் ஜெர்மனியில் இருக்கிறான், கேட்க வரமாட்டான்.

“ஒரு டோஸ் போகணும் மேடம்,” என்றாள் ஆனந்தவள்ளி. “நான் கேட்ல சந்தனத்தோட நின்னேன். இங்க பந்தல்ல இருந்த எல்லாரும் அமுக்கிட்டாங்க. ஊக்கியில எல்லா சீட்டும் அடைஞ்சு போச்சு. சூட்டை மெதுவா ஏத்தினா அம்மோனியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய போகும். அப்புறம் அது எழுந்திரிக்குமா, எந்த அளவுக்கு எழுந்திரிக்கும்னு எனக்கே தெரியாது. இவ்வளவு யாரும் குடுத்துப் பார்த்ததில்ல. உங்க மூணு மணி வண்டிக்குள்ள நடக்காது.”

“ஏன் அமுக்கினாங்க?”

“திருமஞ்சனம்னு பேர் வச்சேன். என் தப்பு.”

நஜ்முன்னிசா கையிலிருந்த ஹெல்மெட்டை மேஜையில் வைத்தார். சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா என்று அவருக்கே தீர்மானமில்லை போலிருந்தது. அந்த நேரம் பார்த்து மாதவன் புயலாக உள்ளே வந்தார்.

“ஹீட்டரை முழுசா ஏத்து! துண்டுதானே? எல்லாத் துண்டையும் ஒரே உதறா உதறு. மேடம் போறதுக்குள்ள கோடு ஏறணும்!”

“முடியாது சார். எண்ணெய் உள்ள நிக்குது. துண்டெல்லாம் ஒண்ணா இறங்கிச்சுன்னா எண்ணெய் மொத்தமும் ஒண்ணா ஏறும். கருகிடும்.”

“இது என் கொட்டகை.”

“அது என் ஊக்கி.”

“மேடம் போயிட்டா உன் ஊக்கியை எந்தச் சாத்தமுதுல போடுவே?”

“மேடம் போனா போகட்டும். அடுத்த தடவை பார்ப்பாங்க, இல்ல, வேற யாராவது பார்ப்பாங்க. இது செங்கல் ஆச்சுன்னா பார்க்கறதுக்கே ஒண்ணும் இருக்காது.”

சொன்ன பிறகுதான், நஜ்முன்னிசா அங்கேயே நிற்பது அவளுக்கு நினைவு வந்தது. மாதவன் அதற்குள் பிச்சைமுத்துவின் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கீபோர்டின்மேல் குனிந்தார். ஹீட்டர் கட்டம் எது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாமல் அமுக்குவதில் இன்று காலையிலிருந்து அந்தக் கொட்டகைக்கே நல்ல பழக்கம். விரல் ஒவ்வொரு கட்டமாகத் தேடிக்கொண்டு போயிற்று. அவரைப் பிடித்து இழுக்கவும் முடியாது. எழுபது வயது மனிதர், பட்டு வேட்டி வேறு.

ஆனந்தவள்ளியின் பார்வை ஜன்னல் வழியே, கையில் மடித்துப் போட்டிருந்த பொன்னாடைகளோடு பந்தலில் சாப்பாட்டுக்குக் காத்திருந்த கூட்டத்தின்மேல் போயிற்று. பிறகு, காலையில் அறிவிப்புக்காக மேஜையில் வைத்திருந்த மைக்கின்மேல்.

“பெரியோர்களே,” என்றாள். பந்தல் முழுக்க ஒலித்தது. “வந்தவங்க எல்லாருக்கும் மரியாதை செஞ்ச நம்ம டாக்டர் மாதவன் ஐயாவுக்கு இதுவரைக்கும் யாருமே பொன்னாடை போத்தலை. இப்போ எல்லாரும் மேடைக்கு வந்து, ஒவ்வொருத்தரா, ஐயாவைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிப் போத்தணும்னு கேட்டுக்கறேன்.”

மாதவனின் விரல் காற்றில் நின்றது. முகத்தில் கோபம் பாதியும் கூச்சம் பாதியுமாக ஒரு போராட்டம் நடந்தது. வெகுநேரம் நடக்கவில்லை.

“எதுக்கும்மா இதெல்லாம்” என்று சொல்லிக்கொண்டே தலைமுடியைச் சரி செய்தார். போனார்.

திருச்சியில் பொன்னாடை ஒரு தோளில் தங்காது. காலையில் வாங்கியதை மாலையில் இன்னொருவருக்குப் போர்த்தினால்தான் அதற்கு மோட்சம். ஆகவே, நகைக்கடைக்காரர் தனக்கு வந்ததை மாதவனுக்குப் போர்த்திவிட்டு, அவர் தாத்தாவின் கற்பூரக் காலத்திலிருந்து ஆரம்பித்தார். மண்டபக்காரர் தன் சம்பந்தியையும் சேர்த்துப் போர்த்தச் சொன்னார். வளவன் ‘கிரியா ஊக்கிச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்து, செம்மல் என்ற சொல்லின் வேரைத் தோண்டப் போய், அங்கேயே தண்ணீர் கண்டுவிட்டார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொன்னாடை ஏறியது. தகரக் கொட்டகை, சித்திரை வெயில், ஜரிகை. மாதவன் எழுந்து கண்ட்ரோல் ரூம் பக்கம் பார்ப்பார். அடுத்த ஆள் பொன்னாடையை விரித்துக்கொண்டு எதிரே வருவார். மறுபடி உட்காருவார். கொஞ்ச நேரத்தில் கைகள் உள்ளே போய், கழுத்துக்கு மேல் மட்டும் தெரிந்தது.

“மேடம்,” என்றான் பிச்சைமுத்து, “சாருக்கு எல்லா சீட்டும் அடைஞ்சு போச்சு.”

ஆனந்தவள்ளி ஹீட்டரைக் கொஞ்சம் ஏற்றினாள். காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம். ஹைட்ரஜன் போய்க்கொண்டே இருந்தது, வெளியேறும் வாயுவில் அம்மோனியாவைக் கூட்டிக்கொண்டு.

நஜ்முன்னிசாவின் போன் அடித்தது. “சாச்சி… இல்ல சாச்சி… ஆமா, தெரியும், தம் போட்டாச்சு, தெரியும்.” ஆனந்தவள்ளி திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்தது. “மூடி வை சாச்சி. ராத்திரி வந்து சாப்பிடறேன். வண்டியா? நாளைக்குப் போயிக்கறேன். இங்க ஒருத்தன் விஷத்தைக் குடிச்சுட்டுப் படுத்திருக்கான், எழுந்திரிக்கிறானான்னு பார்க்கணும்… ஐயோ, மனுஷன் இல்ல சாச்சி!”

போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஷூவைக் கழற்றி மேஜைக்குக் கீழே தள்ளினார்.

“நீங்க போகலாம் மேடம்” என்றாள் ஆனந்தவள்ளி.

“போலாம்தான். ஊர் ஊரா கேட்டலிஸ்ட் பார்க்கப் போறேன். எல்லாரும் அதுக்கு வெறும் பால் சோறு குடுத்து, நல்லா ஓடுது பாருங்கன்னு காட்டுவாங்க. எங்க ஆலையில வர்ற எண்ணெய் அப்படியா? ஒரு கப்பல் ஒழுங்கா வரும், அடுத்த கப்பல்ல நைட்ரஜன் கொட்டும், உள்ள போனா அதுவும் அம்மோனியாதான். யார் அமுக்கினாங்கன்னுகூடத் தெரியாது. போன வருஷம் வாங்கினது ஒரு தடவை படுத்துச்சு, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. ஓடுறதைக் காட்ட ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. விழுந்து எழுந்திரிக்கறதை எவனும் காட்ட மாட்டான்.”

“எழுந்திரிக்கலைன்னா?”

“சாச்சி எனக்கு ஆறின பிரியாணி போடும். உங்களுக்கு அதுகூடக் கிடையாது.”

பந்தலில் சாப்பாடு முடிந்து, வெற்றிலை முடிந்து, வாழ்த்துரை மட்டும் முடியாமல் நடந்தது. பிச்சைமுத்து அவ்வப்போது மாதிரி பிடித்துப் பாட்டில்களை ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தான். முதல் பாட்டில் தார். அடுத்ததும் தார். அதற்கடுத்தது கருப்பட்டிப் பாகு. ஆனந்தவள்ளி அதை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். கண் கூசியதில் கருப்பட்டியா தாரா என்று சரியாகத் தெரியவில்லை.

“கீழ வைங்க, நான் பார்க்கறேன்” என்று வாங்கினார் நஜ்முன்னிசா. ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

திரையில் கோடு அசைந்தது. ஒரு நூல் அளவு. ஆனந்தவள்ளி உடனே ஹீட்டரைப் பிடித்து நிறுத்தினாள். கோடு இன்னும் ஒரு நூல் ஏறியது. இனி ஏறுவது ஹீட்டரின் சூடு இல்லை, உள்ளே நடக்கிற வேலையின் சூடு. பாய்ந்து ஏறுமோ என்று மூவரும் பார்த்தார்கள். ஏறியது, யோசித்தது, நின்றது. முன்சீட்டுக்காரர் இறங்கினால் பின்னால் ஒருவர் உட்காருகிற நிதானம்.

அடுத்த பாட்டில் டீ. அதற்கடுத்தது, வெயில் சாய்கிற நேரத்தில் வந்தது, தேன். மூக்கருகே கொண்டுபோன பிச்சைமுத்து, “மேடம், டீசல் பங்க் வாசனை!” என்று கத்தினான்.

ஆனந்தவள்ளி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து உட்காரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முந்தானையில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. வந்தது தும்மல்.

நஜ்முன்னிசா ஷூவை மாட்டிக்கொண்டு, ஜன்னலில் இருந்த பாட்டில்களைத் தாரிலிருந்து தேன்வரை ஒருமுறை பார்த்தார். “ஓட்டி முடிச்சுட்டு, ஆறினதும் அப்படியே சீல் பண்ணி வைங்க. எங்க வண்டி வந்து எடுத்துட்டுப் போகும். அந்த உலையைச் சீக்கிரம் ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க, ஒரு ஜாடி எனக்குப் பத்தாது. அப்புறம் இந்த டெஸ்ட்டு. இதே மாதிரி மொத்தமா அடைச்சு, மெதுவா எழுப்பறது. எங்க ஆலையிலயும் பண்ணிப் பார்க்கணும். இதுக்கு நீங்க என்ன பேர் வச்சிருக்கீங்க?”

ஆனந்தவள்ளி பிச்சைமுத்துவைப் பார்த்தாள்.

“திருமஞ்சனம் மேடம்” என்றான் பிச்சைமுத்து.

“அதையே போட்டுக்கறேன். எங்க எம்.டி. டெல்லிக்காரர். ஏதோ ஜப்பான் முறைன்னு நினைச்சுப்பார்.”

அவரை ஆட்டோ ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பந்தலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒரு பொன்னாடைக் குவியல். அதன் உச்சியில் மாதவனின் தலை, வியர்வையில் நாமம் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது.

“ஆச்சாம்மா?” குரல் ஈனஸ்வரத்தில் வந்தது.

“ஆச்சு சார். எடுத்துக்கறாங்க. உலையை ரிப்பேர் பண்ணணும்.”

“பண்ணிடலாம்.” ஒரு வாதம் இல்லை, தத்துவம் இல்லை. “எல்லாம் திருமஞ்சன விசேஷம்னு வளவன் சொன்னார். அவா எல்லாரும் அமுக்கினதாலதானே மேடம் எடுத்துக்கறா?”

மறுக்க ஆனந்தவள்ளி வாயெடுத்தாள். அதில் பாதி உண்மை இருந்தது என்பதுதான் எரிச்சல். “ஆமா சார்” என்றாள்.

“அப்பாடா. இதையெல்லாம் கழட்டச் சொல்லு, மூச்சு முட்டறது.”

பிச்சைமுத்து மேடையேறி, இரண்டு கையாலும் பொன்னாடைகளை மொத்தமாக அள்ளப் போனான்.

“பிச்சைமுத்து!” ஆனந்தவள்ளி பதறிப்போய்க் கத்தினாள். “ஒவ்வொண்ணா. மெதுவா. மொத்தமா எடுத்தீங்கன்னா மறுபடி பேச ஆரம்பிச்சுடுவார்.”